ஓராண்டு எண்ணை வைத்துச் சிறு நகரச் சாலைகளை மதிப்பிடலாமா?

மைல்கல்:

சிறு நகரம் ஒன்றில் சாலை விபத்துச் சாவுகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டில் கேமரா வைத்திருப்பார்கள், ஹெல்மெட் சோதனையை இறுக்கியிருப்பார்கள், இரண்டு சந்திப்புகளில் சிக்னலும் போட்டிருப்பார்கள். எண் இறங்கியதும் என்னால்தான், உன்னால்தான் என்று ஆளாளுக்குத் தோளைத் தட்டிக்கொள்வார்கள். மறு ஆண்டு அது திரும்ப ஏறினால் பழி முழுக்க மக்கள் தலையில் விழும்: 'ஜனங்களுக்குப் பொறுப்பில்லை.'

ஒரு லட்சம், இரண்டு லட்சம் பேர் வாழும் ஊரில் ஓராண்டு எண்ணிலிருந்து உருப்படியாக எதையாவது சொல்ல முடியுமா? முடியாதென்றால் வேறு எதைப் பார்க்க வேண்டும்? பெருநகரங்களைப் பற்றி ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. சிறு நகரத்துக் கதை வேறு. நெடுஞ்சாலை ஊருக்கு நடுவில் ஓடும். லாரியும் சைக்கிளும் ஒரே தாரில் போகும். போக்குவரத்துக்கென்று தனிப் பொறியாளர் இருக்கமாட்டார். எனவே இங்கே சிறு நகரத்தைப் பற்றி மட்டும் பேசலாம்.

எண்ணும்எழுத்தும்:

முதல் கேள்விக்கு என் பதில், முடியாது.

ஓர் ஊரில் நீண்டகாலச் சராசரி ஆண்டுக்கு 16 சாவுகள் என்று வையுங்கள். சாலையில் எதுவுமே மாறவில்லை, அபாயம் அப்படியே இருக்கிறது. அப்போதும் ஆண்டு எண் 16லேயே நிற்காது. இப்படி அரிதாக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடக்கும் நிகழ்வுகளுக்குப் புள்ளியியலில் பாய்சான் பரவல் என்று ஒன்று உண்டு. அதன்படி சராசரி 16 என்றால் திட்டவிலக்கம், அதாவது எண் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, அந்த 16இன் வர்க்கமூலமான 4. சில ஆண்டுகளில் 12, சில ஆண்டுகளில் 20 வரும். எப்போதாவது 8க்கும் 24க்கும் பக்கத்தில்கூடப் போய்வரும். 20 பேர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு 11 பேர் என்றால் கேட்பவருக்கு அது பெரிய வெற்றி. கணக்குக்கு அது தற்செயலாகவே நடந்திருக்கக்கூடிய ஒன்று.

இதைவிட மோசமான பொறி வேறு இருக்கிறது. நடவடிக்கை எப்போது எடுக்கிறோம்? எண் உச்சத்துக்குப் போன ஆண்டுக்கு அடுத்துத்தான். உச்சத்துக்குப் போனது எதுவும் தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். சந்திப்பில் பூசணிக்காய் உடைத்திருந்தாலும் மறு ஆண்டு எண் குறைந்திருக்கும். சராசரிக்குத் திரும்பல் என்று இதைச் சொல்வார்கள். விபத்துப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்துச் சரிசெய்யும் திட்டங்கள் எல்லாவற்றிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்திப்பைச் சீரமைத்தோம், விபத்து 60 விழுக்காடு குறைந்தது என்று சொன்னால், சீரமைக்காத அதே மாதிரி சந்திப்புகளில் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

ஸ்டியரிங்:

கணக்கெல்லாம் சரி சார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் 'இது பாய்சான் பரவல்' என்று சொல்வீர்களா? நான் லாரி ஓட்டுகிறவன். எந்த வளைவில் அடி விழும் என்று எனக்குத் தெரியும். அதற்குத் திட்டவிலக்கம் வேண்டாம்.

எண்ணும்எழுத்தும்:

ஸ்டியரிங் அண்ணா, ஆண்டு எண் ஆடுவதுதான் தற்செயல். அந்த 16 என்கிற சராசரி தற்செயல் இல்லை. அது சாலையும் வேகமும் வண்டியும் சேர்ந்து உண்டாக்குவது. எந்த ஆண்டில் எந்த வீடு என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். நீங்கள் 'இந்த வளைவில் அடி விழும்' என்று சொல்வது அந்தச் சராசரியைப் பற்றியது. அது பொன்னான தகவல். அதை யாரும் உங்களிடம் வந்து கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தமும்.

மைல்கல் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாவை மட்டும் எண்ணாதீர்கள், பலத்த காயங்களையும் சேர்த்து எண்ணுங்கள். 16இல் 4 என்றால் கால்பங்கு ஆட்டம். பலத்த காயம் 160 என்று வைத்தால் அதன் ஆட்டம் 12 அல்லது 13தான், 8 விழுக்காடு. மாற்றம் உண்மையிலேயே நடந்தால் சீக்கிரம் கண்ணில் படும். ஓராண்டுக்குப் பதில் நகரும் சராசரியை, அதாவது ஒவ்வோர் ஆண்டும் கடைசி மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளின் சராசரியைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், '10,000 வண்டிக்கு இத்தனை சாவு' என்ற கணக்கை யாராவது காட்டினால் உஷாராக இருங்கள். வண்டிகள் பெருகப் பெருக இந்த விகிதம் பெரும்பாலான நாடுகளில் இறங்கியே வந்திருக்கிறது. ஆர். ஜே. ஸ்மீட் 1949லேயே 20 நாடுகளின் 1938ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தை வைத்து இந்தப் போக்கைக் காட்டினார். ஊரில் சாவு எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்போதுகூட அந்த விகிதம் அழகாக இறங்கும். ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை என்று கேளுங்கள்.

ராத்திரிவார்டு:

பலத்த காயங்களை எண்ணச் சொல்கிறீர்கள். யார் எண்ணுவது?

நான் அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் ஒரு கணக்கு, காவல்துறைப் பதிவில் ஏறுகிறவர்கள் இன்னொரு கணக்கு. வண்டியோடு வண்டி மோதினால் இழப்பீடு, காப்பீடு, வழக்கு என்று ஏதோ ஒன்று இருக்கும், அதனால் பதிவாகிவிடும். தனியாகப் பள்ளத்தில் விழுந்த பைக், மழையில் வழுக்கிய ஸ்கூட்டர், சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பெரியவர் இவர்களெல்லாம் எங்கள் பதிவேட்டில் மட்டும்தான் இருப்பார்கள். பல நாடுகளில் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். காவல்துறைக் கணக்கில் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் சைக்கிள்காரர்களும் இரு சக்கர வண்டிக்காரர்களும்தான்.

இன்னொரு விஷயம். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலைச் சாவு என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரையறை. ஜப்பானில் நீண்டகாலம் 24 மணிநேரத்துக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணும் வழக்கம் இருந்தது. ஒரே விபத்து, ஒரே மனிதர், வரையறை மாறினால் கணக்கில் இருப்பார் அல்லது இருக்கமாட்டார். சிறு நகரத்தில் இது இன்னும் குழப்பம். தலையில் அடிபட்டவரை முதலுதவி செய்து பெரிய ஊருக்கு அனுப்பிவிடுவோம். நாலாம் நாள் அங்கே இறந்துபோவார். அந்தச் சாவு திரும்பி வந்து விபத்து நடந்த ஊரின் கணக்கில் சேர்ந்ததா என்று யாராவது பார்க்கிறார்களா? சாவு குறைந்துவிட்டது என்கிற செய்தியைப் பார்த்தாலே எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம், ஆம்புலன்ஸ் வேகமாகிவிட்டதோ என்பதுதான்.

காலாற:

இந்தச் சந்தேகத்தை நான் யோசித்ததே இல்லை. பெரும்பாலும் நடந்தே போகிறவள் என்பதால் என் பங்குக்கு ஒரு கேள்வி: அடிபடுகிறவர்கள் யார் என்று பிரித்துப் பார்க்காமல் மொத்த எண்ணை மட்டும் பேசுகிறோமே, ஏன்? உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி 2021இல் சாலையில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், இரு சக்கர வண்டிக்காரர்கள். ஆனால் 'சாலைப் பாதுகாப்பு' என்று கூட்டம் போட்டால் பேச்சு முழுவதும் காரைப் பற்றி. சிறு நகரத்தில் சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது நடைபாதைதான். அகலமான சாலையில் வண்டிகள் இன்னும் வேகமாகப் போகும். கடப்பதற்கு எனக்குத்தான் இன்னும் அதிக நேரம் ஆகும். நடைபாதை போன இடத்தில் 'பாதசாரிகள் கவனமாகக் கடக்கவும்' என்று பலகை வரும்!

இரட்டைச்சக்கரம்:

பலகை வைப்பதுதானே மலிவு :)

வளைவுநெளிவு:

சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காலாற சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் விஷயத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது.

வேகத்தை விட்டுவிட்டு எதைப் பேசினாலும் அது சுற்றிவளைத்துப் பேசுவதுதான். ஸ்வீடன்காரர் கோரான் நில்சன் வேகக் கட்டுப்பாடு மாறிய சாலைகளின் விவரங்களை வைத்து ஓர் உறவைக் கண்டார்: சராசரி வேகம் எந்த விகிதத்தில் மாறுகிறதோ, சாவுகள் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் மாறும். சராசரி வேகம் 50இலிருந்து 45 ஆனால் சாவு 10 விழுக்காடு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான்காம் அடுக்கில் கணக்குப் போட்டால், அதாவது 0.9ஐ நான்கு முறை பெருக்கினால், மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அந்த 5 கிலோமீட்டர் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது, ஊருக்குள் ஒரு பயணத்துக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூடுதலாகும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓர் எளிய கணக்கு. குழந்தை ஒன்று திடீரென்று ரோட்டுக்குள் ஓடிவருகிறது. ஓட்டுநர் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி. மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தால் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் போயிருப்பார், பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50இல் வந்தவர் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடுகிறார். அதாவது முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில் இவர் இன்னும் பிரேக்கையே மிதிக்கவில்லை, குழந்தை மீது 50லேயே மோதுகிறார். நல்ல டயர், காய்ந்த தார் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. மழை என்றால் இன்னும் மோசம்.

30இல் மோதினால் பத்தில் ஒருவர் சாவார், 50இல் பத்தில் எட்டுப் பேர் சாவார்கள் என்று பழைய வரைபடம் ஒன்றை இன்னமும் காட்டுகிறார்கள். அதில் பலத்த காயம் பட்டவர்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டார்கள், அதனால் எண்கள் பெரிதாகத் தெரிந்தன. ரோசன், சாண்டர் இருவரும் 2009இல் ஜெர்மனி விபத்துகளை வைத்துச் செய்த ஆய்வில் அபாயம் அதைவிடக் குறைவு. ஆனால் 50இல் சாகும் வாய்ப்பு 40இல் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், 30இல் உள்ளதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் என்று அதிலும் வருகிறது. மிகைப்படுத்திய எண்ணைச் சொல்லி ஒருநாள் மாட்டிக்கொள்வதைவிட இதையே சொல்லலாம்.

ஸ்டியரிங்:

30இல் போகச் சொன்னால் ஊர் நின்றுவிடும். நெரிசல் கூடும். நெரிசல் கூடினால் விபத்தும் கூடும்.

வளைவுநெளிவு:

நெரிசல் கூடினால் உரசல் கூடும், சாவு குறையும். இது எதிர்மறையாகவே ஒருமுறை சோதிக்கப்பட்டுவிட்டது. 2020இல் கொரோனா வந்து சாலைகள் காலியாயின. அமெரிக்காவில் வண்டிகள் ஓடிய மொத்தத் தூரம் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சாவுகளோ சுமார் 36,000இலிருந்து சுமார் 39,000 ஆயின. அடுத்த ஆண்டு இன்னும் ஏறின. நெரிசல் போனதும் அந்த அகலச் சாலைகள் எந்த வேகத்துக்கு அழைத்தனவோ அந்த வேகத்தில் ஓட்டினார்கள்.

சிறு நகரத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெருநகரத்தில் நெரிசலே பகலெல்லாம் வேகத்தடையாக இருந்து காப்பாற்றும். சிறு நகரத்தில் நெரிசல் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் நெடுஞ்சாலை வேகம் ஊருக்குள் வரும். அதிலும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு ஊருக்குள் நுழைகிறவருக்கு 60 என்பது ஊர்ந்து போவதாகத் தோன்றும். மீட்டரைப் பார்க்காமல் வேகத்தைக் குறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். ஊர் எல்லையில் பலகை மட்டும் வைத்தால் போதாது என்பது இதனால்தான். சாலையே குறுக வேண்டும், நடுவில் ஒரு தீவு வர வேண்டும், அல்லது ஒரு ரவுண்டானா இருக்க வேண்டும். ஊர் வந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும்.

இரட்டைச்சக்கரம்:

ரவுண்டானா என்றதும் பயமாக இருக்கிறது. யார் முதலில் போவது என்று ஒருவருக்கும் தெரியாமல் நாலு பக்கமும் மூக்கை நுழைப்பதுதான் நான் பார்த்த ரவுண்டானா.

வளைவுநெளிவு:

நீங்கள் பார்த்தது சிலை வைப்பதற்காகக் கட்டிய வட்டமாக இருக்கும். நவீன ரவுண்டானாவின் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 1966இல் இந்த விதி வந்த பிறகுதான் அது பாதுகாப்பான வடிவமானது. இரண்டாவது விஷயம், நுழைகிற பாதையே வளைந்திருக்க வேண்டும். நேராக உள்ளே பாய முடிந்தால் அது ரவுண்டானா இல்லை.

சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் புள்ளிகள் 32. ஒரே தடம் உள்ள ரவுண்டானாவில் 8. எட்டிலும் ஒன்றுகூட நேருக்கு நேரோ செங்குத்தாகவோ மோதுவது இல்லை, எல்லாம் சாய்வாக, மெதுவாக. அமெரிக்காவில் சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய இடங்களில் காயம் உண்டாக்கும் விபத்துகள் 70 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாகக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் சொல்கிறது. இந்தியானா மாநிலத்துக் கார்மெல், ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். மேயர் ஜேம்ஸ் பிரெய்னார்ட் காலத்தில் 1990களின் கடைசியில் தொடங்கி 150க்கு மேல் ரவுண்டானா கட்டினார்கள். பெருநகரத்தில் இதற்கு இடம் கிடைக்காது. சிறு நகரத்தில் கிடைக்கும். மின்சாரம் போனாலும் ரவுண்டானா வேலை செய்யும்!

ஆனால் இரு சக்கரக்காரரின் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இரண்டு மூன்று தடம் உள்ள பெரிய ரவுண்டானா சைக்கிளுக்கு நல்லதல்ல. ஒரே தடம், சைக்கிளுக்கு வெளிவட்டத்தில் தனிப் பாதை, அப்படிக் கட்ட வேண்டும்.

காலாற:

சின்னச் செலவில் ஆகிற வேலை எதுவும் இல்லையா? எல்லாவற்றுக்கும் கான்கிரீட் ஊற்றத்தான் வேண்டுமா?

வளைவுநெளிவு:

நிறைய உண்டு. ஹோபோக்கன் என்று நியூ ஜெர்சியில் ஓர் ஊர், மக்கள்தொகை சுமார் 60,000. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேல் அங்கே சாலையில் ஒரு சாவுகூட இல்லை. அவர்கள் செய்ததில் முக்கியமானது என்ன தெரியுமா? தெருமுனையில் வண்டி நிறுத்த விடாமல் தடுத்தார்கள். முனையை ஒட்டிக் கார் நின்றால் கடக்கிறவரை ஓட்டுநருக்குத் தெரியாது, ஓட்டுநரைக் கடக்கிறவருக்குத் தெரியாது. அங்கே ஒரு கம்பமோ சைக்கிள் நிறுத்துமிடமோ பூந்தொட்டியோ வைத்துவிட்டால் பார்வை திறந்துவிடும். சாலையைத் திரும்பப் போடும்போதெல்லாம் இதையும் சேர்த்தே செய்தார்கள். பெயிண்டும் சில கம்பங்களும்தான் செலவு. வேகக் கட்டுப்பாட்டையும் குறைத்தார்கள், சிக்னலில் நடப்பவருக்குச் சில நொடி முன்கூட்டியே பச்சை கொடுத்தார்கள்.

இன்னொரு பெயிண்ட் வேலை. நடுவில் தடுப்பில்லாத நான்கு தடச் சாலையை மூன்றாக்குவது: இரு பக்கமும் ஒவ்வொரு தடம், நடுத்தடம் எதிர்ப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டிகளுக்கு. மிஞ்சும் ஓரம் சைக்கிளுக்கு. முந்துவதற்குத் தடம் இல்லாததால் முன்னால் மெதுவாகப் போகிறவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் சேர்த்த ஆய்வுகளில் மொத்த விபத்துகள் 19 முதல் 47 விழுக்காடு வரை குறைந்திருக்கின்றன. அந்த 47 ஐயோவா மாநிலத்தின் சிற்றூர்களில் வந்தது, 19 பெரிய நகரங்களின் புறநகர்ப் பகுதிகளில். சிறு ஊருக்குத்தான் பலன் அதிகம். நாளொன்றுக்கு 20,000 வண்டிக்குள் போகும் சாலை என்றால் நெரிசலும் பெரிதாக வராது.

ஸ்டியரிங்:

ஐயா எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே சொல்கிறீர்கள். அங்கே ஓட்டுநருக்கு ஒழுக்கம் இருக்கிறது. முதலில் உரிமம் கொடுப்பதைச் சரிசெய்யுங்கள். நான் பாட்டுக்கு ஒழுங்காக வருவேன், எதிர்த்திசையில் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே வருவான். அவனுக்கு ரவுண்டானா கட்டினால் அதிலும் எதிர்த்திசையில்தான் போவான்.

மைல்கல்:

உரிமம், அபராதம், குடிபோதைச் சோதனை எதுவும் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை அண்ணா. அந்த 'ஒழுக்கம்' எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. இன்று நாம் உதாரணமாகக் காட்டும் நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 3,000க்கு மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். அதில் 400 பேருக்கு மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பெற்றோர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்றைய டச்சு ஓட்டுநரும் இன்றைய டச்சு ஓட்டுநரும் ஒரே இனம்தான். நடுவில் மாறியது தெரு.

1997இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட 'பூஜ்ய இலக்கு'க் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிரை விலையாகக் கேட்காத சாலையைக் கட்டுவது கட்டுகிறவரின் பொறுப்பு. இதைக் கேட்டு 'அப்போ குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும் மெத்தை விரிக்கச் சொல்கிறீர்களா' என்று சிலர் கோபப்படுவார்கள். அவன் மோதப்போவது ஒழுங்காக நடந்து போகிறவர் மீதுதானே.

ராத்திரிவார்டு:

எதிர்த்திசை ஆசாமியைப் பற்றி ஸ்டியரிங் அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவன் ஏன் எதிர்த்திசையில் வருகிறான்? நடுத்தடுப்பில் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அவன் போக வேண்டிய இடம் கண்ணெதிரே இருக்கும். தப்புதான். ஆனால் ஒரே இடத்தில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்றால் தடுப்பைப் போட்டவர் யாரைக் கேட்டுப் போட்டார் என்றும் விசாரிக்க வேண்டாமா?

ஹெல்மெட் பற்றியும் ஒரு வரி. அது விபத்தைக் குறைக்காது, விபத்துக்குப் பிறகு எங்களுக்கு வேலையைக் குறைக்கும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் மதிப்பாய்வின்படி பைக்கில் போகிறவருக்குச் சாவு வாய்ப்பு 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பு 69 விழுக்காடும் குறைகிறது. தாடைப்பட்டையை மாட்டாமல் போட்டால் தலைக்கு முன்னால் ஹெல்மெட் போய்ச் சேரும்.

இரட்டைச்சக்கரம்:

வளைவு சார், வேகத்தடை பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. சிறு நகரத்தில் விபத்து என்றால் மறுநாள் காலையில் வேகத்தடைதான். பெயிண்டும் இருக்காது, விளக்கும் இருக்காது. இரவில் பைக்காரன் அதில் ஏறிப் பறந்து விழுவது புது விபத்து.

வளைவுநெளிவு:

அதைப் பேசினால் கோபம் வரும், அதனால் ஒதுங்கியிருந்தேன்.

ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாகப் போடுவது வாகன நிறுத்துமிடத்துக்கு. சாலையில் போட வேண்டியது சுமார் 3.7 மீட்டர் நீளமும் அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மெல்லிய வளைவு. பிரிட்டிஷ் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் 1970களில் வகுத்த வடிவம் அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேடிக்கையானது. நீளமான மேட்டில் வேகம் கூடக் கூடக் குலுக்கல் கூடும், அதனால் எல்லோரும் மெதுவாக ஏறுவார்கள். குறுகிய மேட்டில் மெதுவாகப் போகிறவருக்குத்தான் இடுப்பு ஒடியும். வேகமாகப் போகிற காரில் அதிர்ச்சியை ஸ்பிரிங்கே வாங்கிக்கொள்ளும். ஒழுங்காகப் போகிறவரைத் தண்டித்து வேகமாகப் போகிறவரை விட்டுவிடும் ஒரே சாலைச் சாதனம் அதுதான்.

என்னைக் கேட்டால் பள்ளிக்கூட வாசலில் வேகத்தடையும் வேண்டாம், வெறும் ஜீப்ரா கோடும் வேண்டாம். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு உயர்த்திவிடுங்கள். வண்டி ஏறி இறங்கும், நடக்கிறவர் சமதளத்திலேயே போவார். மழைத்தண்ணீர் வடிய இரண்டு ஓரத்திலும் வழி விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே குளமாகி மறுநாள் இடித்துவிடுவார்கள்.

ராத்திரிவார்டு:

ஆம்புலன்சுக்கு? முதுகெலும்பு முறிந்தவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேடாக ஏறி இறங்குவது என்ன பாடு என்று எங்களுக்குத்தான் தெரியும்.

வளைவுநெளிவு:

ஆம்புலன்ஸ், பஸ் போகும் முக்கியச் சாலைகளில் முழு அகலத்துக்கும் மேடு போடக்கூடாது. காரின் இரண்டு சக்கரமும் ஏறும்படி, ஆனால் பெரிய வண்டியின் சக்கரங்கள் இரு பக்கமும் தாண்டிப் போகும்படி இடைவெளி விட்டுச் சின்னச் சின்னத் திண்டாகப் போடலாம். பல நாடுகளில் இருக்கிறது. அதைவிட நல்லது, அந்தச் சாலைகளில் மேடே இல்லாமல் தடத்தின் அகலத்தைக் குறைத்து வேகத்தைக் குறைப்பது.

மைல்கல்:

சரி, திரும்பவும் முதல் கேள்விக்கு. விபத்து எண்ணிக்கை குறைவு, அதனால் எதையும் நிரூபிக்க ஐந்து ஆண்டு ஆகும் என்றால் அதற்குள் எந்த நகரமன்றமும் மாறிவிடும். செய்தது பலித்ததா என்று சில மாதங்களிலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

எண்ணும்எழுத்தும்:

இருக்கிறது. விபத்தை எண்ணாமல் மயிரிழையில் தப்பியதை எண்ணுங்கள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டர் ஹூடேன் வளர்த்தெடுத்த முறை இது. பயிற்சி பெற்றவர்கள் சந்திப்பில் நின்று, யாராவது திடீரென்று பிரேக் பிடித்தோ விலகியோ மோதலைத் தவிர்த்த ஒவ்வொரு தருணத்தையும் குறிப்பார்கள். அந்தக் கணத்தில் வேகம் எவ்வளவு, அப்படியே போயிருந்தால் மோத எத்தனை நொடி இருந்தது என்று மதிப்பிடுவார்கள். விபத்து ஆண்டுக்கு ஒன்று நடக்கும் சந்திப்பில் இந்தத் தப்பித்தல்கள் ஒரே நாளில் பல கிடைக்கும். இப்போது கேமரா, மென்பொருள் எல்லாம் வந்துவிட்டன, ஆனால் கண்ணும் நோட்டும் இருந்தாலே போதும்.

இரண்டாவது, வேகத்தை அளப்பது. வேகம் குறைந்திருந்தால் சாவும் குறையும் என்பது வளைவு ஐயா சொன்ன உறவிலிருந்தே கிடைக்கிறது. சாவு நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சராசரியோடு 85ஆம் விழுக்காட்டு வேகத்தையும் பாருங்கள், அதாவது நூறு வண்டியில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகின்றன என்பதை. சாவு அதற்கு மேலே உள்ள 15இல்தான் அதிகம் உட்கார்ந்திருக்கும்.

காலாற:

வேகம் அளக்கும் கருவியை நாங்களே கையில் பிடித்து நின்று அளந்தால் ஏற்றுக்கொள்வார்களா?

வளைவுநெளிவு:

ஒழுங்காக அளந்தால் தள்ளிவிட முடியாது. நெரிசல் நேரத்தில் அளக்காதீர்கள். முன்னால் வண்டி இல்லாமல் தன் இஷ்டத்துக்கு ஓடும் வண்டியை மட்டும் எடுங்கள், அப்போதுதான் சாலை எந்த வேகத்துக்கு அழைக்கிறது என்று தெரியும். ஒரு சுற்றுக்குக் குறைந்தது நூறு வண்டி வேண்டும். மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் அதே இடம், அதே நேரம், அதே கிழமை. மழைநாள் என்றால் விட்டுவிடுங்கள். சாலைக்குக் குறுக்காக நின்று அளந்தால் வேகம் குறைவாகக் காட்டும், முடிந்தவரை வண்டி வரும் திசையை ஒட்டியே கருவியைப் பிடியுங்கள். பக்கத்தில் மாற்றம் செய்யாத ஒரு சாலையிலும் அதே நாட்களில் அளந்து வையுங்கள், எண்ணும்எழுத்தும் கேட்கிற ஒப்பீடு அதில் கிடைத்துவிடும்.

ஸ்டியரிங்:

பளிச்சென்ற மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டோரம் நிற்காதீர்கள் தாயே. தூரத்திலேயே பார்த்துவிட்டு நாங்கள் எல்லோரும் பிரேக்கில் கால் வைத்துவிடுவோம். நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்து அளங்கள். முதல் இடமாக எதை எடுப்பது என்று தெரியவில்லையென்றால் ஊருக்குள் நுழைந்ததும் வரும் முதல் வளைவில் ஆரம்பியுங்கள். எந்த ஊரானாலும் சரி.